அணியத்தில் கை வைக்காத ஊர்

தண்ணீருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது தன் வழியாகப் போனாலும் கையைப் பிடித்துக்கொண்டு லேசில் விடாது, கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்ட தூரத்து உறவினர் மாதிரி. இந்தப் பழக்கத்தை ஒழிப்பதற்காகத்தான் திருமலைக்கொழுந்துவுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வேலை பார்த்த இடம் கடற்பரப்பு ஆய்வு மையம். பெயரில்தான் கடல் இருந்தது. மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. கட்டடத்துக்குள் நீளமான தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் பொம்மைப் படகுகளைக் கம்பியில் கட்டி இழுத்து, தண்ணீர் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று அளப்பார்கள். கொழுந்து தென்காசிக்காரன். நீச்சல் தெரியாது. தொட்டியை உற்றுப் பார்த்தாலே அவனுக்குத் தலை சுற்றும். இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மையத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

அவர்கள் கண்டுபிடித்த சரக்குக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. ஆனால் எல்லோரும் 'தோல்' என்றே சொன்னார்கள். சுறாவின் உடம்பில் பல்லைப் போன்ற பொடிச் செதில்கள் இருக்கும். எல்லாம் வாலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழவென்று போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையைக் கிழிக்கும். சுறா நீந்தும்போது, உடம்பில் ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கப் பார்க்கும் குட்டிச் சுழிகளை இந்தச் செதில்கள் தள்ளி நிறுத்திவிடும். மையம் இதையே பிளாஸ்டிக்கில் செய்தது. செதில்கள் தண்ணீரின் போக்கைப் பார்த்துத் தாமாக நிமிரும், தாமாகப் படியும். சுறாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் விறைப்பாகவும் அவற்றைச் செய்திருந்தார்கள். சுருளாக வரும், படகின் அடியில் ஒட்டிவிடலாம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம் என்று காட்டியது.

தொட்டியில் ஜெயித்ததைக் கடலில் காட்ட வேண்டும் என்று தூத்துக்குடிக்குத் தெற்கே செம்பாறைத்துறை என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் நாற்பது பைபர் வள்ளங்கள். எல்லாவற்றுக்கும் இலவசத் தோல். கூடவே, போகிற இடத்தையும் டேங்கில் டீசல் குறைவதையும் மையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி. ஊரார் அதை டப்பா என்றார்கள். ஒட்டுகிற வேலையை ஊராரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். விளக்கத்தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. தொடக்கவிழாவுக்குக் கொழுந்துவும் போய், இறால் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, எந்த வள்ளத்தையும் தொடாமல் திரும்பி வந்தான்.

ஆறு மாதத்தில் கணக்கு வந்தது. டீசல் மிச்சமாகவில்லை. முன்பைவிடக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. தோல் ஒட்டியதிலிருந்து வள்ளம் சுணங்குகிறது என்று ஊரார் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைப் 'பயனாளிகளின் மனப்பதிவு' என்ற தலைப்பில் போட்டுவைத்திருந்தார்கள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் பத்மலோசனி கூட்டம் போட்டார். இதற்கு இரண்டு விளக்கம்தான் இருக்க முடியும். ஒன்று, தோல் வேலை செய்யவில்லை. இரண்டு, ஊரார் மானிய டீசலை வெளியே விற்கிறார்கள். முதல் விளக்கத்தைப் பற்றிப் பேச அன்றைக்கு நேரம் போதவில்லை.

அறிக்கை எழுதும் வேலை கொழுந்துவிடம் வந்தது. அவன் யோசித்து யோசித்து ஒரு வாக்கியம் எழுதினான்: 'எரிபொருள் வேறு வழிகளில் சென்றிருக்கும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை.' யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதிவிட்டோம் என்று அவனுக்குச் சந்தோஷம். அடுத்த மாதம் செம்பாறைத்துறைக்கு மானிய டீசல் நின்றது. டீசல் திருடும் மீனவர்கள் என்று செய்தி வந்தது. சந்தையில் அந்த ஊர்ப் பெண்களைப் பார்த்து, மீனில் டீசல் வாடை அடிக்கிறதே என்று கேலி பேசினார்கள். கட்டுப்படியாகாமல் இளவட்டங்கள் பலபேர் கேரளத்துக்கு விசைப்படகு வேலைக்குப் போய்விட்டார்கள். ஊர்க்கமிட்டி கூடி, நாற்பது டப்பாக்களையும் கழற்றி, அரிசிச் சாக்கில் கட்டி, மையத்துக்குப் பார்சல் போட்டது. பார்சல் கூலியை வாங்குகிறவர் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கொழுந்துதான் கட்டினான்.

ஆடி மாதம் கச்சான் காற்று, மேற்கேயிருந்து கடலைப் பார்த்துச் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பத்மலோசனி அவனைக் கூப்பிட்டார்.

"கொழுந்து, உங்க ஊர்ல ஒரு வள்ளத்தைக் காணோமாம்."

"தென்காசியிலயா மேடம்?"

"செம்பாறைத்துறையில. மூணு பேர். எஞ்சின் நின்னுடுச்சுன்னு வயர்லெஸ்ல ஒரு தடவை சொல்லியிருக்காங்க. அதோட சரி. டப்பா இருந்தா இடம் தெரிஞ்சிருக்கும். அதான் சாக்குல வந்துடுச்சே."

சாக்கு அப்போதும் அவன் மேஜைக்கு அடியில்தான் கிடந்தது. அவன் கால் அதன்மேல் இருந்தது. மெதுவாக எடுத்துக்கொண்டான்.

கடலில் காணாமல் போனவர்களைத் தேடும் தூத்துக்குடி தேடல் அறைக்கு அன்றைக்கே அவனை அனுப்பினார்கள். அதன் பொறுப்பில் குருபரன் என்ற அதிகாரி இருந்தார். சுருக்கமாகப் பேசுகிறவர். கைவசம் இரண்டு மீட்புக் கப்பல்கள், ஒரு விமானம். கடலோ அவர் மேஜை மீதிருந்த வரைபடத்தை விட்டு வெளியேயும் போய்க்கொண்டிருந்தது.

"செத்த படகு எப்படிப் போகும்னு எங்களுக்குக் கணக்கு இருக்கு. பாதி காத்துக்குப் போகும், பாதி நீரோட்டத்துக்குப் போகும். உங்க தோல் ஒட்டின படகு எப்படிப் போகும்?"

"தோல் இருந்தா தண்ணி பிடிக்காது சார். காத்து பின்னாலிருந்து தள்ளும், படகு முன்னாடி பாத்து வழுக்கிட்டே போகும். நீரோட்டத்தை அவ்வளவா மதிக்காது."

"நீரோட்டம் இப்ப தெற்கே இழுக்குது. காத்து கிழக்கே தள்ளுது."

"அப்ப கிழக்கே தேடணும். ரொம்ப தூரம்."

குருபரன் கிழக்கே தேடினார். அன்றைக்கு முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை விமானம் இன்னும் கிழக்கே போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. வள்ளத்தில் ஒரே ஒரு கேன் குடிதண்ணீர்தான் எடுத்துப் போயிருந்தார்கள் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. ஆடி வெயிலில் மூன்று பேருக்கு அது எத்தனை நேரம் வரும் என்பதற்குத் தோல், தொட்டி எதுவும் தேவையில்லை. யாரும் கணக்குப் போடலாம். அறையில் எல்லோரும் போட்டார்கள், யாரும் சொல்லவில்லை.

"காணாமப் போனது எந்த அளவு வள்ளம்? காத்து பிடிக்கிற உயரம் எவ்வளவு?" என்று குருபரன் கேட்டார். கொழுந்துவுக்குத் தெரியவில்லை. அதே அச்சில் செய்த இன்னொரு வள்ளம் கரையில் கிடக்கிறது, போய் அளந்து வா என்று ஜீப்பைக் கொடுத்து அனுப்பினார்.

செம்பாறைத்துறையில் ஜீப் நின்றதும் கமிட்டித் தலைவர் தொம்மை பர்னாந்து வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு.

"வாங்க சார். டப்பாவெல்லாம் பத்திரமா வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லது," என்றார் தொம்மை. கோயிலுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கரையில் கிடந்த வள்ளத்தை அவன் நாடா வைத்து அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் பிரஸ்கில்லா என்றும், காணாமல் போன 'சந்தியாகப்பர்' வள்ளத்தின் சொந்தக்காரர் லிகோரியின் மனைவி என்றும் தொம்மை சொன்னார். வள்ளத்தில் லிகோரியோடு அவர் தம்பி அமலதாசும் கஸ்பார் என்ற பெரியவரும் போயிருந்தார்கள்.

"நீங்கதான் அந்தத் தோல்காரரா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாம்மா."

"இதுக்கு என்ன மருந்து போடணும்?"

வலது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து, கோடுகோடாகக் காய்ந்திருந்தது.

"எப்படி ஆச்சு?"

"அன்னைக்கு வள்ளம் எறக்கையில ஆள் போதல. எல்லாவனும் கேரளாவுக்குப் போயிட்டானுவ. நானும் பக்கத்துல நின்னு தள்ளினேன். வள்ளம் சடார்னு முன்னால போச்சு, கையை உரசிட்டுப் போயிட்டு. அந்தத் தோல்தான்."

"முன்னால போகும்போதா உரசிச்சு?"

"பின்ன, பின்னாலயா தள்ளுவாவ?"

கொழுந்து நாடாவைக் கீழே போட்டான். முன்னால் போகும்போது உரசக் கூடாது. வள்ளம் முன்னால் போனால், பக்கத்தில் நிற்கிறவளின் கை முனையிலிருந்து பின்பக்கமாகத் தடவியபடி போகும். சுறாவைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவது மாதிரி. வழவழவென்று போயிருக்க வேண்டும்.

எத்தனையோ வருடம் சுறாத்தோலில் வேலை பார்த்தவன், முதல் முறையாக ஒரு வள்ளத்தின் அடியில் கை வைத்தான். அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பின்பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்தான். கை கிழிந்தது. திரும்பப் பின்முனையிலிருந்து அணியத்துக்குத் தடவினான். பட்டுப் போல் போனது. ரத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது.

அடுத்த வள்ளத்துக்கு ஓடினான். அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் இடது கையைப் பயன்படுத்தினான்.

"தோல் ஒட்டினது யாரு?"

"நாங்கதான்," என்றார் தொம்மை.

"எந்தப் பக்கத்துலருந்து சுருளை விரிச்சீங்க?"

"அமரத்துலருந்து."

அமரம் என்றால் பின்முனை.

"தாள்ல அணியத்துலருந்து ஆரம்பிக்கணும்னு போட்டிருந்துச்சே."

"போட்டிருந்துச்சு," என்று தொம்மை ஒத்துக்கொண்டார். "தாள் எழுதினவருக்கு நம்ம வழக்கம் தெரியாதுல்லா. இந்த ஊர்ல வள்ளத்துக்குப் பெயின்ட் அடிச்சாலும் சரி, ஓட்டை அடைச்சாலும் சரி, அமரத்துல ஆரம்பிச்சு அணியத்துலதான் முடிப்போம். எடுத்த எடுப்புல அணியத்துல கை வைக்க மாட்டோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்ச பொறவுதான் அங்க தொடுறது. எந்தப் பக்கத்துலருந்து ஒட்டினா என்ன, ஒட்டினா சரிதானேன்னு நெனச்சோம்."

நாற்பது வள்ளத்திலும் ஒருத்தர்கூட அணியத்தில் முதலில் கை வைக்கவில்லை. நாற்பதிலும் தோல் தலைகீழாக இருந்தது. ஒவ்வொரு வள்ளமும் தன் அடியில் பொடிப் பொடியான கோடிக் கைகளை வைத்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துப் போயிருக்கிறது. டீசல் ஏன் கூடுதலாக எரிந்தது என்பது அவனுக்கு அப்போது விளங்கியது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தண்ணிதான் உங்க டீசலைத் தின்னிருக்கு. நீங்க யாரும் விக்கல."

"அது எங்களுக்கு முன்னமே தெரியும் சார்," என்றார் தொம்மை.

இரண்டாவது விஷயம் அதற்குள்ளேயே இருந்தது. தண்ணீர் பிடிக்காத வள்ளம் என்று நினைத்துக் கப்பல்களைக் கிழக்கே அனுப்பியிருக்கிறான். சந்தியாகப்பரோ தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் வள்ளம். காற்று தள்ளினால் அசையாது. நீரோட்டம் எங்கே போகிறதோ, கூடவே போகும். தெற்கே. அதிக தூரமும் போயிருக்காது. தேடுகிறவர்கள் அத்தனை பேரும், ஒருவர் மிச்சமில்லாமல், தப்பான திசையில் இருந்தார்கள். அனுப்பியவன் அவன்.

விதிப்படி முதலில் இயக்குநரிடம் போனில் பேசினான். பத்மலோசனி முழுக்கக் கேட்டார். கெட்டிக்காரி. அவன் சொல்லி முடிக்கும் முன்பே அறிக்கை, மானியம், செய்தி எல்லாம் எங்கே போய் முட்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"தெற்கேயும் தேடச் சொல்லுங்க. ஆனா நேத்து சொன்னது தப்புன்னு எதுக்குச் சொல்லணும்? 'கூடுதல் பரப்பு'ன்னு சொல்லுங்க. அதுவும் உண்மைதானே?"

"அவங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு கப்பல் மேடம். கூடுதல் பரப்புன்னு சொன்னா கிழக்கே முடிச்சிட்டுத்தான் தெற்கே வருவாங்க. நாளைக்கு ஆயிடும்."

"நீங்க ஒரு பலகையில கைய வெச்சுப் பாத்துட்டு..."

"பலகை இல்ல மேடம். வள்ளம்."

"யோசிச்சுச் செய்யுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொழுந்து யோசித்தான். நேற்றும் நிச்சயமாகத்தான் இருந்தான், அதுதான் கஷ்டம். இன்றைக்குச் சொல்வதும் தப்பாக இருந்து, வள்ளம் உண்மையிலேயே கிழக்கே இருந்தால், பக்கத்தில் போய்விட்ட கப்பலை அவனே திருப்பி அழைத்தவன் ஆவான். பிரஸ்கில்லா கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் கையில் இருந்த காயம் கரையில் கிடக்கும் எந்த வள்ளமும் செய்ததில்லை. சந்தியாகப்பர் செய்தது. அந்த வள்ளம் போகிற போக்கில் தன் சேதியை அவள் கையில் எழுதிவிட்டுத்தான் போயிருந்தது. அவன் குருபரனைக் கூப்பிட்டான்.

"சார், நேத்து நான் சொன்னது தப்பு."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் எழுதிய, பேசிய வாக்கியங்களில் இத்தனை சின்னதாக ஒன்று இருந்ததில்லை. வாய் கூசியது.

"எந்த அளவுக்குத் தப்பு?" என்றார் குருபரன்.

"முழுக்க. தோலைத் தலைகீழா ஒட்டியிருக்காங்க. வள்ளம் நீரோட்டத்தோட தெற்கே போயிருக்கும். கிட்டத்துலதான் இருக்கும். கிழக்கே இருக்கிறவங்களைத் திருப்பிடுங்க."

"ரெண்டு கப்பலையுமா?"

"ரெண்டையும். விமானத்தையும்."

"எவ்வளவு நிச்சயம்?"

"கையில ரத்தம் வருது சார்."

மறுமுனையில் குருபரன் யாரிடமோ, திருப்பு என்றார்.

மத்தியானம் முழுக்கக் கொழுந்து மணலில் உட்கார்ந்திருந்தான். தொம்மையின் வீட்டிலிருந்து சோறு வந்தது, அவன் தொடவில்லை. பிரஸ்கில்லா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையைக் கழுவச் சொன்னாள்.

"இப்ப சொன்னதாவது சரியா சார்?"

"தெரியலம்மா."

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது போலத் தோன்றியது. இதுவரை ஊருக்கு வந்துபோன எந்த அதிகாரியும் அவளிடம் தெரியாது என்று சொன்னதில்லை.

வெயில் சாயும் நேரத்தில் தகவல் வந்தது. தெற்கே, கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், யாரும் நினைத்ததைவிடக் கிட்டத்தில், சந்தியாகப்பரை விமானம் பார்த்துவிட்டது. மூன்று பேருக்கும் உயிர் இருக்கிறது. கஸ்பாருக்கு மட்டும் நினைவு தப்பித் தப்பி வருகிறது. கோயில் மணி அடித்தது. பிரஸ்கில்லா அதுவரை அழாதவள், மணலில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். கொழுந்துவும் அழுதான், தென்காசியில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் லிகோரியைப் பார்த்தான். உதடு வெடித்து, முகம் கறுத்துப்போய்க் கிடந்தார்.

"காத்து பிச்சிட்டு அடிக்குது சார். எங்க மேல கட்டியிருந்த தார்ப்பாயே பறந்து போயிட்டு. வள்ளம் மட்டும் அசையல. யாரோ அடியில நின்னு பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. தோலைச் சரியா ஒட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நான் முதல்ல சொன்ன இடத்துக்குப் போயிருப்பீங்க. கிழக்கே."

"அங்கயும் தேடினாவளோ?"

"ரெண்டாம் நாள் காலையிலதான் அவ்வளவு தூரம் விமானம் போச்சு. காத்து வேகத்துக்கு நீங்க அதையும் தாண்டியிருப்பீங்க."

கஸ்பார் படுத்திருந்த அடுத்த கட்டிலை லிகோரி திரும்பிப் பார்த்தார்.

"சரி," என்றார்.

மையத்தில் இதைத் தோல்வியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தலைகீழாக ஒட்டினால் இழுவை கூடும் என்பது நம் கொள்கைப்படி வர வேண்டிய முடிவுதான், ஆகவே கொள்கை கடலிலும் நிரூபணமாகிவிட்டது என்று பத்மலோசனி ஒரு மாநாட்டில் பேசினார். கைதட்டினார்கள். கொழுந்து புது அறிக்கை எழுதினான். 'செம்பாறைத்துறையில் யாரும் டீசல் விற்கவில்லை. நாங்கள்தான் பார்க்கவில்லை' என்று முதல் வரியிலேயே போட்டான். இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்றார்கள். அவன் எடுக்கவில்லை. பல மாதம் இழுத்தடித்துவிட்டு மானிய டீசல் திரும்ப வந்தது. செய்தி வெளியிட்டவர்கள் மறுப்பை எட்டாம் பக்கத்தில் போட்டார்கள்.

கொழுந்துவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊராருக்கு அமரத்தில் ஆரம்பித்துத்தான் வழக்கம் என்றால், வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்? சுருளை மாற்றிவிட்டால் போயிற்று. அமரத்திலிருந்து விரித்தாலே செதில்கள் சரியான திசையில் விழும்படி தோலை எதிர்ப்பக்கமாகச் சுருட்டச் சொன்னான். மக்களின் வழக்கத்தை மதிக்கும் வடிவமைப்பு என்று அதற்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது. பழைய தோலை உரித்துவிட்டுப் புதுச் சுருளை ஒட்டும்படி செம்பாறைத்துறைக்கு நாற்பது வள்ளத்துக்கும் அனுப்பிவைத்தார்கள். விளக்கத்தாளில், 'உங்கள் வழக்கப்படியே ஒட்டவும்' என்று எழுதியிருந்தது.

அடுத்த ஆடிக்கு முன்னால், ஒட்டியதைச் சரிபார்த்து வர அவனே போனான். இந்த முறை யாரும் அவனிடம் டப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. டப்பாக்கள் திரும்பவும் வள்ளங்களில் இருந்தன. கேரளத்துக்குப் போன சிலபேர் திரும்பி வந்திருந்தார்கள். சந்தியாகப்பர் மணலில் கிடந்தது; லிகோரி அதன் நிழலில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். கொழுந்து பழக்கப்பட்டவன் போல அணியத்தில் உள்ளங்கையை வைத்துப் பின்பக்கமாக இழுத்தான்.

கை கிழிந்தது.

அடுத்த வள்ளத்துக்குப் போனான். அதுவும் கிழித்தது. தொம்மை வந்து பக்கத்தில் நின்றார்.

"எந்தப் பக்கத்துலருந்து ஒட்டினீங்க?" என்று கொழுந்து கேட்டான்.

"அணியத்துலருந்து."

"அணியத்துல முதல்ல கை வைக்கக் கூடாதுன்னீங்களே?"

"சாமியார்ட்ட கேட்டோம். வைக்கலாம்னுட்டாவ. அணியத்துலருந்து ஒட்டணும்னு நீங்கதான அன்னைக்கு அவ்வளவு தூரம் சொன்னிய."

"அது பழைய சுருளுக்கு. இது புதுசு. இதை அமரத்துலருந்து ஒட்டினாத்தான் சரியா வரும். அதுக்காகத்தான மாத்திச் சுருட்டினது."

"தெரியும் சார்," என்றார் தொம்மை. "ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் தடவிப் பாத்துட்டுத்தான் ஒட்டினோம்."

கொழுந்து அவரைப் பார்த்தான். கிண்டல் செய்கிற முகமாக இல்லை. நாற்பது வள்ளம். ஒரு ஊர் முழுக்க, தெரிந்தே, தலைகீழாக.

"டீசல் கூடுதலா எரியும். வேகம் வராது."

பிரஸ்கில்லா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள். பதில் சொன்னது அவள்தான்.

"போறதுக்கு என்ன அவசரம் சார்? மெதுவாத்தான் போகட்டும். டப்பாவும் செத்து நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா எங்க நிக்கும்னு எங்களுக்குத் தெரியணும். தண்ணி விட்டுட்டா, ஆளைத் தேடி நாங்க எங்க போவோம்?"

அவள் கையில் அந்தப் பழைய கோடுகள் வெளுத்துப்போய்த் தெரிந்தன. தண்ணீர் பிடிக்கக் கூடாது என்பதற்காக இத்தனை வருடம் சம்பளம் வாங்கியவன் அவன். அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க அந்தத் தொட்டியில் வழி இருந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

பக்கத்து ஊர்களிலிருந்தும் தோல் கேட்டு மையத்துக்கு ஆள் வருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். திட்டத்தின் வெற்றி என்று பத்மலோசனி சொல்லிக்கொண்டிருந்தார். செம்பாறைத்துறைக்காரர்கள் ஒட்டுகிற மாதிரியே ஒட்ட வேண்டும் என்று அந்த ஆட்கள் கேட்டதன் அர்த்தம் இப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

கையைக் கழுவிக்கொண்டு, இயக்குநரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தேடல் அறையைக் கூப்பிட்டான். குருபரன்தான் எடுத்தார்.

"சார், உங்க கணக்குல ஒண்ணு குறிச்சுக்கணும். செம்பாறைத்துறை வள்ளம் ஏதாவது நின்னுபோனா, நீரோட்டத்தைப் பாத்துத் தேடுங்க. காத்தைப் பாக்க வேண்டாம். நாப்பதும் தலைகீழ்."

"இப்பவும் தப்பா ஒட்டிட்டாங்களா?"

"இல்ல சார். சரியாத்தான் ஒட்டியிருக்காங்க."

"எவ்வளவு நிச்சயம்?"

கொழுந்து கையை விரித்துப் பார்த்தான். பிரஸ்கில்லா சுற்றிவிட்ட துணியில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"தொட்டுப் பாத்துட்டேன்," என்றான்.